மஞ்சள் தையல், நீலத் தையல்

இரண்டு வகை விரிப்புகள் வந்து இறங்கின.
இரண்டும் ஒரே நிறம்,
தேநீரில் விழுந்து எழுந்த துணி மாதிரி.
ஒன்றின் ஓரத்தில் மஞ்சள் தையல், மற்றதில் நீலம்.
ஒன்றின் இழைக்குள் செம்பு இருக்கிறது,
எதில் என்று கேட்கக் கூடாது
என்றார் டாக்டர் மாரின்கோவிச்.
அவருக்கும் தெரியாதாம்.
சாந்தியாகோவில் பூட்டிய ஓர் அலமாரிக்குத்தான் தெரியுமாம்.

கலாமா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
பதினோரு வருடமாய் இரவு ஷிப்ட் என்னுடையது.
ரத்தம் குளிர்ந்த தண்ணீருக்குப் போகும்,
சீழ் சூட்டுக்குப் போகும்,
அயோடின் எதற்கும் போகாது.
எழுபத்தொரு டிகிரி.
குளோரின் தொடக் கூடாது, செம்பு கோபித்துக்கொள்ளும்.
ஒவ்வொரு சலவைக்கும் நோட்டில் ஒரு கோடு.

ஜன்னலுக்கு வெளியே மலை கிடையாது.
மலை இருந்த இடத்தில் பள்ளம்,
அதிலிருந்து ஏறி வரும் லாரிகளின் வெளிச்சம்.
இந்த ஊரில் எல்லா அடுப்பும் செம்பால் எரிகிறது.
சில நெஞ்சில் இருமலும்.

மூன்றாம் வாரம் எனக்குத் தெரிந்துவிட்டது.
மஞ்சள் தையல் இஸ்திரிக்கு முரண்டு பிடித்தது,
ஈரத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கனத்தது,
முகர்ந்தால்
நாணயத்தை மூடிவைத்திருந்த உள்ளங்கையின் வாசனை.
யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை. குழாயிலேயே தண்ணீர் உறைகிற குளிர்.
நோல்பெர்த்தோ ஆயவீரேயைக் கொண்டுவந்தார்கள்.
நான்காவது கட்டில், சர்க்கரை, இடது காலில் ஆறாத புண்.
முப்பத்தாறு வருடம் பள்ளத்துக்குள் வெடி வைத்தவர்,
என் தங்கையின் மாமனார்.
அந்த வார்டுக்கு விதித்திருந்தது நீலம்.
ஐந்தாவது கட்டிலுக்கோ
நாலு மருந்துக்கும் தலைவணங்காத ஒரு கிருமி வந்திருப்பதாக
நர்ஸ் ஷிர்லி வில்கா லிஃப்டில் சொன்னாள்.

அன்றிரவு மஞ்சள் அடுக்கிலிருந்து மூன்று விரிப்பு எடுத்தேன்.
ஓர நூலைப் பிரித்து, நீல நூல் கோத்துத்
தைத்தேன்.
விரல் நடுங்கிய இடத்தில் தையலும் கோணியது.
பிரித்த மஞ்சள் நூலை எங்கே போட?
ஏப்ரன் பைக்குள் சுருட்டி வைத்தேன்.

பத்தொன்பது இரவுகள்.
"சொறிகிறது" என்றார் ஆயவீரே,
"இதற்கு என் பழைய உடுப்பே தேவலை."
படுத்துக்கொள்ளுங்கள் மாமா, பேசாமல் படுத்துக்கொள்ளுங்கள்.
புண் விளிம்பிலிருந்து சுருங்கி வந்தது.
ஊன்றுகோலோடு, சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே,
வீட்டுக்குப் போனார்.
காலையில் எனக்கு நானே ஓர் எம்பனாதா வாங்கித் தந்தேன்.
இரண்டாவதும் வாங்கினேன்.

டிசம்பரில் அலமாரி திறந்தது.
சலவைக்கூடத்துக்கு டாக்டர்கள் வருவதில்லை.
மாரின்கோவிச் இறங்கி வந்தார், கையில் காகிதம்.

செம்பு இருந்தது நீலத் தையலில்.

மஞ்சள் வெறும் பருத்தி, பாலியெஸ்டர், கொஞ்சம் சாயம்.

அப்படியானால் அந்த வாசனை?
என் கையிலேயே இருந்திருக்கும்.
இந்த ஊரில் அது இல்லாத கை எது?
பத்தொன்பது இரவும்
அவர் கீழிருந்து செம்பை உருவியது நான்தான்.

நீல வார்டில் தொற்று குறைவு என்றார்,
கொஞ்சம்தான், இன்னும் பல மாதம் பார்க்க வேண்டும்.
ஷிர்லியை நினைத்துக்கொண்டேன்.
ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே
தோல் வெடிக்கும்வரை கை கழுவினாள்.
அதை யாரும் எந்த நிறத்திலும் தைத்து வைக்கவில்லை.

"நான்காவது கட்டிலைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்றேன்.
ஏன் என்றார்.
ஏப்ரன் பைக்குள் கை விட்டு
நூல் பந்தை மேசைமேல் வைத்தேன்.
ஒரு கோலிக்குண்டு அளவுதான் இருந்தது.
அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பேனாவைத் திறந்தார்.

மூன்றாம் நம்பர் மெஷின் கூவியது.
போய்த் துணியை இறக்கினேன்.
அது காத்திருக்காது.